கோப்பு மூடியது, கதவு திறக்கவில்லை

அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றத்தில் அரசுக்கு எப்போதும் வக்கீல் உண்டு. நாடு கடத்தப்படவிருப்பவரும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஃபீஸ் மட்டும் அவருடையது. காசில்லையா? தானே வாதாடலாம். இல்லாத குரல் காதில் கேட்கிறவருக்கும் இதே சமத்துவம்தான் இருந்தது.

அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள மெக்சிகோக்காரர் ஒருவருக்கு வழக்கே புரியாது என்று கண்டு, 2005இல் கோப்பை மூடிவைத்தார்கள். கோப்புக்கு விடுதலை; ஆளுக்கு இல்லை. 2010 வரை காவலிலேயே கிடந்தார்!

அவர் தொடுத்த வழக்கில் 2013இல் டாலி ஜீ என்ற கூட்டாட்சி நீதிபதி, காவலில் இருக்கும் இத்தகையோருக்குச் சட்டத்துணை தந்தே தீரவேண்டும் என்றார். உத்தரவு கலிபோர்னியா, அரிசோனா, வாஷிங்டன் மாநிலங்களுக்கு மட்டும். ஆகவே பிடிபடுகிறவர்கள் தயவுசெய்து மாநிலம் பார்த்துப் பிடிபடவும்.