கதவுக்குள்ள குடிபோன கண்ணாடி

மாப்ள, மொதல்ல அந்த மூஞ்சியை மாத்துங்க. கண்ணாடிதான் கதவுக்குள்ள போச்சு, கதவு இன்னும் வண்டியிலதான் இருக்கு. வண்டி எடுத்த அன்னைக்கு என்ன சொன்னீங்க? "விரலை வெச்சா ஏறுது, விரலை வெச்சா எறங்குது, கை நோகவே நோகாதுங்க மாமா"ன்னீங்க. சொன்ன சொல்லு தப்பலையே. கை நோகலை. இப்ப நோவறதெல்லாம் வேற எடம்.

ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை எல்லாம், "ஏனுங், கண்ணாடியைத் தொறந்துபோட்டே வண்டியை நிறுத்தியிருக்கீங்க?"ன்னு கேக்கறாங்க. "எங்க மாப்ளைக்குக் காத்து வேணுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். மானம் போகக்கூடாது பாருங்க. ஐப்பசி மழைக்குப் பாலித்தீன் பையைக் கிழிச்சு டேப்பு ஒட்டினீங்களே, அப்பத்தான் கொஞ்சம் சங்கடமாப் போச்சு. பையில ஜவுளிக்கடை பேரு அம்மாம் பெருசா இருந்துச்சு. கடைக்காரர்கிட்ட விளம்பரத்துக்குக் காசாவது கேட்டிருக்கலாம்.

அம்பாசிடருல கைப்பிடி இருந்துச்சுங்க. சுத்தினா ஏறும். கைப்பிடி கையோட கழண்டு வந்துட்டா குறடால புடிச்சுச் சுத்தினாலும் ஏறும். அந்த வண்டியையே 2014ல நிறுத்திப்போட்டாங்க. போச்சாது, அது பழைய நாயம்.

நீங்க இஞ்சினீரு, நான் பட்டிக்காட்டான். ஆனாலும் கிணத்து மோட்டாரோடயே காலம் தள்ளினவன் சொல்றதை ஒருக்காக் கேளுங்க. சர்வீசுக்குப் போறதுக்கு முந்தி, என்ன சீக்குன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கோணும். தெரியாமப் போனா அவங்க சொல்றதுதான் சீக்கு, அவங்க போடறதுதான் பில்லு.

டிரைவர் கதவுல ஒரு பூட்டுப் பட்டன் இருக்குதுங்க. பொடுசுக பின்னாடி கண்ணாடியை எறக்கிறக்கூடாதுன்னு வெச்சது. அதைக் கை பட்டு அமுக்கிவிட்டுட்டு, பின்கண்ணாடி வேலை செய்யலைன்னு சர்வீசுக்குப் போய்க் காசு குடுத்துட்டு வந்தவங்க இருக்காங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க சின்ன மச்சான் கோவிச்சுக்குவாரு.

பட்டன் சரியா இருக்குதா? பொழுது உழுந்ததும் வண்டிக்குள்ள லைட்டைப் போட்டுட்டு சுவிட்சை அமுக்கிப் பாருங்க. கிணத்துல மோட்டாரு சிக்கிக்கிட்டா ஊட்டு பல்பு மங்குமே, அந்த மாதிரி லைட்டு மங்கினா கரண்டு போயிச் சேருதுன்னு அர்த்தம். மோட்டாருதான் தெணறுது, இல்லைன்னா கண்ணாடி எங்கியோ இறுகிக் கெடக்குது. லைட்டு கொஞ்சங்கூட அசையலையா, ஃபியூசு, சுவிட்சு, ஒயரு மூணுல ஒண்ணைத் தேடுங்க. மோட்டாரும் அடியோட செத்திருக்கலாம், ஆனா அதைக் கடைசியாச் சந்தேகப்பட்டாப் போதும். 'கர்ர்'னு மோட்டாரு ஓடற சத்தம் கேக்குது, கண்ணாடி மட்டும் வரலைன்னா மோட்டாரைத் திட்டாதீங்க, பாவம் அது வேலை செய்யுது. கண்ணாடியைப் புடிச்சிருக்கற பிளாஸ்டிக் கிளிப்பு ஒடைஞ்சிருக்கும், இல்லைன்னா மேலயும் கீழயும் இழுக்கற கம்பிக்கயிறு அறுந்திருக்கும். லட்சக்கணக்குல குடுத்து வாங்கின வண்டி, விரக்கடை பிளாஸ்டிக்கை நம்பி நிக்குது.

இன்னொண்ணு. கதவுக்கும் வண்டிக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் குழாய் தெரியுதுங்களா? கதவுக்குப் போற ஒயரு முச்சூடும் அதுக்குள்ளதான் போகுது. கதவைத் தொறந்து மூடறப்பெல்லாம் அதுவும் மடங்கி நிமிருது. ஒருநா உள்ள செம்புக்கம்பி ஒடைஞ்சுபோயிரும், மேல தோலு மட்டும் நல்லாவே இருக்கும். கதவைப் பாதி தொறந்து வெச்சா கண்ணாடி ஏறுது, மூடினா ஏறலைன்னா சங்கதி அங்கதான். இதைச் சொல்லாம வண்டியை விட்டீங்கன்னா புது மோட்டாரு, புது சுவிட்சு எல்லாம் மாத்தினதுக்கப்பறந்தான் ஒயரு ஞாபகம் வரும் அவங்களுக்கு.

பேரப்புள்ளைக ஏத்தி எறக்கி வெளையாடினா மோட்டாரு சூடேறித் தானா நின்னுக்கும். அது கெட்டுப்போனதில்லை, கெட்டுப்போகாம இருக்க உள்ள வெச்சிருக்கற ஏற்பாடு. சித்த நேரம் விட்டா தானா ஓடும். பேட்டரியைக் கழட்டி மாட்டினா சில வண்டியில ஒரே அமுக்குல ஏறற வித்தை மறந்துபோகும். கண்ணாடி முழுசா ஏறினப்பறமும் சுவிட்சை விடாம சில நொடி தூக்கிப் புடிச்சா பெரும்பாலும் ஞாபகம் வந்துரும். வண்டியோட குடுத்த பொஸ்தகத்துல போட்டிருக்கும். அந்தப் பொஸ்தகம் எங்கன்னு பாப்பாகிட்ட கேளுங்க, டப்பாவுல வெச்ச பாலித்தீன் உறையைக்கூட நீங்க பிரிக்கலை.

ரப்பர் பீடிங்குல மண்ணு சேந்து இறுகியிருந்தா ஈரத்துணியில தொடைச்சு, சிலிக்கான் ஸ்பிரே லேசா அடிங்க. தேங்காயெண்ணெய், கிரீஸ் எல்லாம் வேண்டாம், இருக்கற மண்ணு பத்தாதுன்னு ரோட்டு மண்ணையும் இழுத்துக்கும். சுவிட்சுக்குள்ள ஒண்ணுமே ஊத்தாதீங்க. இது நான் சொல்றதில்லை. 2012 அக்டோபருல டொயோட்டா உலகம் முச்சூடும் சுமார் 74 லட்சம் வண்டியைத் திரும்பக் கூப்புட்டுச்சு. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி சுவிட்சுல கிரீஸ் ஒரே சீரா தடவலையாம். சுவிட்சு சொரசொரன்னு இருக்குதேன்னு கடையில விக்கற எண்ணெயை வாங்கி விட்டா, உருகிப் புகையும், தீயும் புடிக்கலாம்னு எச்சரிச்சாங்க. அதுக்கு முந்தி 2010ல ஹோண்டா லட்சக்கணக்கான வண்டியைக் கூப்புட்டுது, கண்ணாடி சுவிட்சுக்குள்ள மழைத்தண்ணி போனா தீப்புடிக்கலாம்னு. கண்ணாடி எறங்கிக் கெடக்கற வண்டியை மழையில நிறுத்தாதீங்கன்னு நான் கத்தினது சீட்டு நனையுதுன்னு மட்டும் இல்லைங்க மாப்ள.

அவ்வளவு பெரிய கம்பெனிகளே தப்பை ஒத்துக்கிட்டாங்க. உங்க கம்பெனி? அங்கதான் நம்ம கதை ஆரம்பம்.

உள்ள போனதும் ஏசி ரூமுல உக்காரவெச்சு காப்பி குடுப்பாங்க. சுவத்துல 'வாடிக்கையாளரே தெய்வம்'னு எழுதியிருக்கும். அதை நம்பிக் கெட்டுறாதீங்க. தெய்வத்தை என்ன பண்ணுவோம்? மாலை போட்டு உக்காரவெச்சிருவோம், அது வாயத் தொறந்து கேள்வி கேட்டா பயந்து ஓடிருவோம். சர்வீஸ் அட்வைசருன்னு ஒரு தம்பி வருவாரு. நல்ல புள்ளைதான், அவரு கையில ஒண்ணும் இல்லை. "எல்லா வண்டியிலயும் இப்படித்தாங்க சார், நார்மல்"ம்பாரு. எல்லா வண்டியிலயும் இப்படியிருந்தா அது நார்மல் இல்லைங்க தம்பி, தயாரிப்புலயே கோளாறுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. சிரிக்கறது முக்கியம். நீங்க போன தடவை சத்தம் போட்டீங்க பாருங்க, அவங்களுக்கு அது ரொம்ப வசதி. கத்தறவரை 'கோவக்கார கஸ்டமர்'னு மேனேஜருகிட்டச் சொல்லி முடிச்சிருவாங்க, கண்ணாடியைப் பத்தி அப்பறம் யாரும் பேச மாட்டாங்க.

நீங்க கவனிக்க வேண்டியது ஜாப் கார்டு. அந்தத் தம்பி 'விண்டோ செக்'னு ரெண்டே வார்த்தை போடுவாரு. செக்குன்னா செக்கு பண்ணியாச்சு, வேலை முடிஞ்சுது, பில்லும் போட்டுக்கலாம். விடாதீங்க. 'டிரைவர் பக்கத்துக் கண்ணாடி எறங்கியே கெடக்குது, கதவை மூடினா ஏறலை'ன்னு உங்க வார்த்தையில எழுதச் சொல்லி, ஓடின கிலோமீட்டரும் தேதியும் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. அடுத்த தடவை போனாலும் அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறக்கூடாது. ஒருக்கா 'ஏறலை', ஒருக்கா 'சத்தம் வருது', ஒருக்கா 'மெதுவாப் போகுது'ன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா காயிதத்துல மூணு தனித்தனிக் கோளாறு, மூணும் தீந்துபோச்சு. ஒரே வார்த்தையா இருந்தா ஒரே கோளாறு, மூணு தடவை கைவெச்சும் தீரலை. இதுல இருக்கற வித்தியாசம் நாளைக்குப் பேசும். ஃபோனுல படமும் புடிச்சு வெச்சுக்கோங்க. சர்வீசு வாசல்ல கால் வெச்சதும் சீக்கு வெக்கப்பட்டு ஒளிஞ்சுக்கும், 'குறை எதுவும் இல்லை'ன்னு எழுதிருவாங்க.

"இது வாரண்டியில வராதுங்க சார்"னு சொல்றாங்களா? சரிங்க தம்பி, ஏன் வராதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்கன்னு கேளுங்க. வாயில வர்ற தைரியம் பேனா எடுத்ததும் எங்க போகும்னே தெரியாது. "கிளிப்பு தனியா வராது, ரெகுலேட்டரை அசெம்பிளியா மாத்தோணும்"னு சொல்லுவாங்க. பாதி நேரம் அது நெசந்தான், கம்பெனி தனியாக் குடுக்கறதில்லை. வெளி மெக்கானிக்கு அந்தக் கிளிப்பை எங்கியோ வாங்கி மாட்டிருவாரு. ஆனா வாரண்டி இருக்கறவரைக்கும் வெளிய கதவைப் பிரிச்சுறாதீங்க. அதுக்கப்பறம் ஹாரன் அடிக்கலைன்னாலும், "கதவை வெளியில பிரிச்சிருக்கீங்களே சார்"ம்பாங்க. காசு குடுத்து மாத்தினா கழட்டின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்க. வாரண்டியில மாத்தினா அது கம்பெனிக்குப் போயிரும், பரவால்லை.

இப்ப ரகசியம் ஒண்ணு சொல்றேன். வண்டி எடுத்துட்டு வந்த ரெண்டு மூணு நாளுல ஒரு ஃபோன் வரும். "சர்வீசு எப்படி சார், பத்துக்கு எத்தனை மார்க்கு?"ன்னு. அதுக்கு முந்தியே அந்த அட்வைசரு தம்பி, "பத்துக்குப் பத்து குடுத்துருங்க சார், ஒன்பது குடுத்தாக்கூட எனக்குப் பிரச்சனை"ன்னு கெஞ்சியிருப்பாரு. நீங்க எளகின மனசுக்காரரு, ஒவ்வொரு தடவையும் பத்து குடுத்திருக்கீங்க. கண்ணாடி கதவுக்குள்ள இருக்குது, கம்பெனி கணக்குல நீங்க ரொம்பத் திருப்தியான கஸ்டமரு! இந்தத் தடவை, "கண்ணாடி ஏறட்டுங்க தம்பி, மார்க்கும் தானா ஏறும்"னு முன்கூட்டியே சொல்லிருங்க.

சர்வீசுக்கு எந்த நாள் போறதுன்னும் ஒரு கணக்கு இருக்கு. நீங்க ஆளில்லாத செவ்வாக்கெழமையாப் பாத்துப் போறீங்க. ஆயுத பூசைக்கு முந்தின நாளு போங்க, முகூர்த்த நாளாப் பாத்துப் போங்க. அன்னைக்குத்தான் ஷோரூமுல புது வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வெச்சு, கேக்கு வெட்டிச் சாவி குடுத்துட்டு இருப்பாங்க. நீங்க உங்க வண்டியை, பாலித்தீன் பையோடயே, அந்த வாசலுக்கு நேரா நிறுத்துங்க. யாருகிட்டயும் ஒரு வார்த்தை குறை சொல்ல வேண்டாம். புது வண்டிக்காரரு தானா வந்து, "என்னங்க ஆச்சு?"ன்னு கேப்பாரு. மேனேஜரு அவருக்கு முந்தி ஓடிவருவாரு.

இத்தனைக்கும் மசியலைன்னா, கம்பெனிக்கே தேதி போட்டு மெயில் அனுப்புங்க, ஜாப் கார்டு நகலெல்லாம் சேத்து. 1915னு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்குதுங்க, தமிழ்லயே பேசலாம். அதுக்கு மேல நம்ம ஈரோட்டுலயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019ல போட்ட சட்டம், 2020 சூலை 20லருந்து நடைமுறையில இருக்குது. கம்பெனி எந்த ஊருல இருந்தாலும் சரி, நீங்க குடியிருக்கற ஊருலயே வழக்குப் போடலாம். நீங்க குடுத்த வெலை 50 லட்சத்துக்குள்ள இருந்தா மாவட்டமே விசாரிக்கும். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை, அதுக்கு மேல பத்து லட்சம் வரைக்கும் 200 ரூவா, இருவது லட்சம் வரைக்கும் 400 ரூவா. வக்கீலு வெச்சே ஆகோணும்னு இல்லை. ஆனா பிரச்சனை வந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடோணும். 'பார்ட்டு ஆர்டர் போட்டிருக்கு சார், அடுத்த வாரம்'னு அவங்க சொல்லிச் சொல்லி ஓட்டறது அந்த ரெண்டு வருசத்தைத்தான்.

மனுவுல டீலரு பேரு, கம்பெனி பேரு ரெண்டையும் சேத்துப் போடுங்க. ஒருத்தரை விட்டா, வந்தவரு வராதவரைக் கையக் காட்டிட்டுப் போயிருவாரு. மூணு மாசத்துல முடிக்கப் பாக்கோணும், சாமானைப் பரிசோதனைக்கு அனுப்பினா அஞ்சு மாசம்னு சட்டத்துல இருக்குது. சட்டத்துல இருக்குதுங்க, அவ்வளவுதான் நான் சொல்லுவேன். பெரும்பாலும் அந்த நோட்டீசு கைக்குப் போனதுமே, இல்லாத பார்ட்டு ராத்திரியோட ராத்திரியா வந்து சேந்துரும்.

வர்ற முகூர்த்தம் எப்பன்னு நாள்காட்டியில பாத்து வெச்சிருக்கேன். போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க மாப்ள. நான் ஒண்ணும் பேச மாட்டேன். ஓரமா உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு, புது வண்டி பாக்க வர்றவங்ககிட்ட, "நீங்க எந்த ஊருங்க, உங்களுக்கும் காத்து புடிக்குங்களா?"ன்னு நாயம் பேசிக்கிட்டு இருக்கறேன்.