வெளி ஹார்ட் டிஸ்க்கில் கோப்பு தேடு படலம்: தாராவி வழக்கை முன்வைத்து

வெளி ஹார்ட் டிஸ்க் என்பது கணினிக்குப் புறத்தே நின்று, யுஎஸ்பி கம்பி வழியே அதனோடு உறவு கொண்டு, வேண்டிய கோப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உடனே காட்டும் கருவி. தொல்காப்பியத்துக்கு உரை கண்ட இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் மூவரும் இதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை. முன்னோர் சொல்லாமல் விட்டதையே தம் கொள்கைக்குச் சான்றாகக் காட்டும் நெறி தமிழாய்வில் நன்கு வேரூன்றியிருப்பதால், அம்மௌனம் இங்கு முதற் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

ஆய்வுக் களம் தாராவி. 90 அடி சாலை, கிராஸ் ரோடு, மாட்டுங்கா லேபர் கேம்ப் ஆகியவை அதன் எல்லைக்குள் அடங்கும். தோல் பதனிடும் வேலைக்காக நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள் இங்கு வாழ்கின்றனர். பத்துக்குப் பத்து வீட்டில் ஒரு குடம் கூடுதலாக வைக்க இடமில்லாதபோது, பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில், மஞ்சள் பைக்குள் ஒரு டெராபைட் மட்டும் பாதி காலியாகக் கிடக்கிறது. அதனுள் இருப்பவை: சடங்கு வீடியோ, ஊர்க் கோயில் கொடை வீடியோ, ரேஷன் கார்டின் ஸ்கேன். முதலிரண்டும் தேடாமலே அகப்படும். மூன்றாவதே ஆய்வுக்குரியது.

தேடற் பிழை ஆறு வகைப்படும் என்ப. ஏழு என்பாரும் உளர். ஏழே இங்குக் கொள்ளப்படுகிறது.

முதலாவது கம்பிப் பிழை. கம்பியை மாற்றுக.

இரண்டாவது அட்டவணைப் பிழை. விண்டோஸ் தன் வீட்டுக் கோப்புகளுக்கு முன்கூட்டியே ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வந்த டிஸ்க்கை, கேட்டாலொழிய அதில் சேர்ப்பதில்லை. எனவே ஒவ்வொரு முறையும் வாசலில் தொடங்கி ஒவ்வொரு கோப்பாகத் தொட்டுப் பார்க்கிறது. பச்சைக் கோடு கடைசி வரை வந்து அங்கேயே நிற்கிறது. கண்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்', அதில் 'மாடிஃபை', அதில் டிஸ்க்கின் பெயருக்கு எதிரே ஒரு டிக். பிறகு டிஸ்க்கைப் பிடுங்காமல் ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். ஏற்கெனவே சேர்த்தும் கிடைக்கவில்லையென்றால், 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ரீபில்டு' கொடுத்து அட்டவணையைப் புதிதாகக் கட்டலாம்.

மூன்றாவது எழுத்துப் பிழை. நேற்று 'ஈ' என்ற எழுத்தில் வந்த டிஸ்க், இடையில் யாரோ ஒரு பென் டிரைவைச் செருகியதால், இன்று 'எஃப்' என்று வருகிறது. பழைய அட்டவணை 'ஈ'யை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. இது எழுத்துப்போலியின்பாற்படும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' சென்று, யாரும் போட்டிக்கு வராத 'எம்' போன்ற பின் எழுத்தொன்றை நிலையாகக் கொடுத்துவிட்டால் தீரும்.

நான்காவது மறைவுப் பிழை. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த டிஸ்க்கில், ஃபோல்டர்கள் எல்லாம் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டுகளாக மாறியிருக்கும், அசல் மறைந்திருக்கும். இது வைரஸ் செய்த இடைச்செருகல். முதலில் வைரஸை நீக்கி, பின்பு கமாண்ட் பிராம்ப்டில் 'அட்ரிப்' என்னும் கட்டளையை 'மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ்' என்ற மூன்று அடைகளோடு சொன்னால் மறைந்தவை வெளிப்படும். பிற இடைச்செருகல்களை நீக்க இத்துணை எளிய கட்டளை இல்லாமையே பதிப்பாசிரியர் பலருக்குப் பிழைப்பாயிற்று.

ஐந்தாவது பெயர்ப் பிழை. இதில் தலையாயது 'நியூ ஃபோல்டர்'. தாராவி டிஸ்க் ஒன்றில் நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் (2), நியூ ஃபோல்டர் (3) என மூன்று இருந்தால், எண்ணில்லாதது முதனூல், (2) வழிநூல், (3) சார்புநூல் என்பது பழைய கொள்கை (காண்க: நியூ ஃபோல்டர் › பழசு). இது பிழை. விண்டோஸ் காலியாக உள்ள முதல் பெயரைக் கொடுப்பது. முன்னதை யாரேனும் அழித்திருந்தால், நேற்றுப் பிறந்ததும் எண்ணில்லாப் பெயரோடு மூத்ததாய் அமர்ந்துகொள்ளும் (மறுப்புக்குக் காண்க: நியூ ஃபோல்டர் (2) › நியூ ஃபோல்டர் › அம்மா போன்). இனி, எண்கள் இரண்டில் தொடங்குவதால் '(1)' எங்கும் இல்லை. அது கடல்கொள்ளப்பட்டது என்பது ஒரு சாரார் முடிபு (காண்க: நியூ ஃபோல்டர் (3) › பேக்கப் › பேக்கப்பின் பேக்கப் › அம்மா போன், இது வேறு அம்மா போன் › அத்தான் கல்யாணம் › டெலீட் பண்ணாதே). கடல்கொண்டதற்கு ஆண்டும் நிலப்பரப்பும் கணித்துச் சொல்லும் ஆர்வலர்கள் இந்த '(1)'ஐயும் கவனத்தில் கொள்வது நலம். குமரிக்கண்டத்தைக் காட்டிலும் இதற்குச் சான்று குறைவில்லை.

இதன் கிளை 'ஃபைனல்' என்னும் பின்னொட்டு. ஃபைனல், ஃபைனல் 2, ரியல் ஃபைனல் என்று வளரும். எதுவும் ஃபைனல் அன்று. முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் இவ்வழக்கு உண்டு.

இன்னொரு கிளை தமிழுக்கே உரியது. கோயில் கொடை வரவு செலவுக் கணக்கை வேர்டில் அடித்து வைத்திருப்பார்கள். 'கொடை' என்று தேடினால் வராது. காரணங்கள் இரண்டு. யூனிகோடில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. அடுத்தது, பழைய கோப்பு பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அங்கே 'கொடை' என்பது என், எஃப், எச், ஐ, எல். இவ்வைந்தையும் ஆங்கிலத்தில் அடித்தால் 'கொடை' வந்து நிற்கும். கோப்பின் உள்ளடக்கத்திலும் தேடும்படி ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் முன்பே டிக் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஆறாவது காலப் பிழை. தாராவியில் உயிரை வாங்குவது இதுவே. மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தோருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் 2011 ஜனவரி 1 வரை வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியதும், பழைய லைட் பில்லையும் ரேஷன் கார்டையும் தேடி டிஸ்க்குகள் பீரோவிலிருந்து இறங்கின. ஸ்கேன் என்பது படம். 'ரேஷன்' என்ற சொல் அதனுள் எழுத்தாக இல்லை. வாட்ஸ்அப் வழியே வந்திருந்தால் அதன் பெயர் 'ஐஎம்ஜி', அனுப்பிய தேதி, 'டபிள்யூஏ', ஒரு வரிசை எண் என முடிந்துவிடும். ஆகவே பெயரைக் கைவிட்டு, 'ஸ்டார் டாட் ஜேபிஜி' என்று தேடி, ஐகான்களைப் பெரிதாக்கி, தேதிவாரியாக அடுக்கிக் கண்ணால் பார்ப்பதே வழி.

தேதியோ ஒன்றல்ல, மூன்று: உருவான நாள், திருத்திய நாள், திறந்த நாள். கோப்பை டிஸ்க்குக்கு நகலெடுத்தால் உருவான நாள் நகலெடுத்த நாளாகிவிடும். திருத்திய நாள் பழையபடி நிற்கும். ஆகவே பிறப்பதற்கு நான்காண்டு முன்பே திருத்தப்பட்ட கோப்புகள் ஏராளம். தேடுவோர் திருத்திய நாளையே கொள்க. மூன்றில் தமக்கு உகந்ததை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பிற்காலத்தது என்று தள்ளும் முறை சங்க காலக் கணிப்புக்கு ஏற்றதாக இருக்கலாம். ரேஷன் கார்டுக்கு ஆகாது. மேலும், கடிகார பேட்டரி செத்த கேமராவில் எடுத்த படங்கள் 1980 ஜனவரி 1 என்று காட்டும்; ஃபேட் என்னும் கோப்பு முறையில் காலம் தொடங்கும் நாள் அது. இன்னும் சில 1970 ஜனவரி 1, காலை ஐந்தரை மணி என்று காட்டும். யூனிக்ஸ் தன் காலத்தை கிரீன்விச் நள்ளிரவில் தொடங்க, இந்திய நேரம் ஐந்தரை மணி கூட்டிக்கொள்கிறது. 1980இல் உருவானதாகச் சொல்லும் ஸ்கேனைக் கண்டு, 2000 கட்-ஆஃபைத் தாண்டிவிட்டோம் என்று மகிழ்ந்த குடும்பத்தாருக்கு, தாளில் அச்சான தேதியே அலுவலகத்தில் செல்லும் என்பதை எடுத்துரைத்தல் வேண்டும். கல்வெட்டறிஞரும் இதை ஒப்புவர்; எனினும் எந்தக் கல்வெட்டு என்பதில் ஒப்பார்.

ஏழாவது இல்பொருட் பிழை. கோப்பு இந்த டிஸ்க்கில் இல்லவே இல்லை. அது செம்பூரில் இருக்கும் சித்தப்பா மகனின் டிஸ்க்கில் இருக்கிறது. மேற்சொன்ன ஆறு வகைச் சிகிச்சையும் செய்து தீர்த்த பின்னரே இது தெரியவரும் என்பது விதி. போன் செய்தால், "அதை மச்சான்ட்ட குடுத்துட்டேம்லா" என்று விடை வரும்.