அரபிசைக் கொள்முதல் பயணம்: விருத்தாசலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

வளைகுடாவிலிருந்து வருபவர் பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலம் வரும், செண்ட் பாட்டில் வரும், பேரீச்சம்பழம் வரும். எண்பதுகளில் என்றால் நேஷனல் பானசோனிக் டேப்ரிக்கார்டரும் வரும். அதில் போட்டுக் கேட்க அந்த ஊர்ப் பாட்டு மட்டும் வராது. வந்து இறங்கிய டேப்ரிக்கார்டரில் இளையராஜாதான் ஓடினார். சரக்கு அரபு நாட்டிலிருந்தும் சங்கீதம் கோடம்பாக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்த இந்த முரண்பாட்டை அறிவுலகம் கண்டுகொள்ளாமலே விட்டுவிட்டது. அந்தக் குறையைப் போக்க முன்வருகிறது இக்கட்டுரை.

ஆய்வுக் களமாக விருத்தாசலம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நான்கு பக்கமும் தண்டவாளம் பிரியும் ஜங்ஷன் இது. எந்த ரயிலில் ஏறினாலும் பயணம் தொடங்கிவிட்டது என்ற திருப்தி நிச்சயம். இரண்டு, பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைப்பதால் வேரூன்றிய தொழில். பீங்கான் தொழிற்பேட்டையும் உண்டு, பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயம் தரும் அரசுக் கல்வி நிலையமும் உண்டு. அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்கம்பிக்குப் போடும் பீஸ் கட்டை எல்லாம் இங்கே சூளையில் வெந்து வெளியூர் போகின்றன. மூன்றாவது காரணம் ஆன்மிகமானது. அது அடுத்த பகுதியில்.

ஆய்வு வசதிக்காக, கொலு பொம்மை வார்க்கும் பட்டறைக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது ஐம்பதைத் தாண்டியவர், மாசி மகத் திருவிழாவில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காது. ஒரு ராத்திரி கைபேசியில் எதையோ தேடப்போய் எகிப்தின் உம் குல்தூம் பாடிய கச்சேரி ஒன்றில் மாட்டிக்கொண்டார். இனி இவர் ‘பயணி’ என்று குறிக்கப்படுவார்.

2. முன்னோடிகள்

வெளியூர்க் கொள்முதலுக்கு இந்த ஊர் தந்த முதல் முன்மாதிரி சுந்தரர். திருமுதுகுன்றம் என்று பெயர் வழங்கிய காலத்தில், இங்கே பழமலைநாதரிடம் அவர் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அதைச் சுமந்து போகாமல் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் போய்க் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்துக்கொண்டார் என்கிறது புராணம். ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று ஊரார் இன்றும் கேலி செய்யும் இந்த முறையைத்தான் வங்கிகள் ஃபாரெக்ஸ் கார்டு என்ற பெயரில் கட்டணம் வைத்து நடத்துகின்றன. இங்கே போட்ட ரூபாய் அங்கே வேறொரு பணமாக வெளியே வருகிறது.

சுந்தரர் கெட்டிக்காரர். ஆற்றில் போடுமுன் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒப்பிட்டபோதுதான் மாற்று குறைந்திருப்பது தெரிந்தது. உரைத்துப் பார்த்துச் சொன்ன பிள்ளையாருக்கு மாற்றுரைத்த விநாயகர் என்றே பெயர். எகிப்துப் பவுண்டின் மாற்றை அறிய மச்சம்கூட வேண்டாம். 2016 நவம்பரிலும் 2024 மார்ச்சிலும் அந்நாட்டு மத்திய வங்கி அதைச் சந்தையின் போக்கில் விட்டது; இரண்டு முறையும் மதிப்பு மளமளவென்று சரிந்தது. பயணிக்கு இது லாபக் கணக்கு. கெய்ரோவில் குடும்பம் நடத்துபவருக்கு அப்படியில்லை.

இரண்டாவது முன்னோடி சினிமா. 1956-இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எடுத்தவர்கள் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். விருத்தாசலத்திலிருந்து சேலத்துக்கு நேர் ரயில்பாதை உண்டு என்பதால், அந்நாளில் இவ்வூர்க்காரர் அரபு தேசம் போகப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு 1960-இல் ‘பாக்தாத் திருடன்’, 1973-இல் ‘பாக்தாத் பேரழகி’ என்று போக்குவரத்து தொடர்ந்தது. இந்தப் படங்களின் அரபிசையில் அரபிசை எவ்வளவு என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. முதல் இரண்டில் எம்.ஜி.ஆர். இருந்தார், அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

3. மச்சான் விதி

எந்த ஊருக்குப் போவது என்ற கேள்வி ஜங்ஷன் எதிரே உள்ள டீக்கடையில் வைக்கப்பட்டது என்று கொள்வோம்.

“துபாய்க்குப் போங்கண்ணே. எங்க மச்சான் அங்கதான் இருக்கான். ஏர்போர்ட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவான்.”

“அவருக்கு அந்த ஊரு பாட்டெல்லாம் பழக்கமாப்பா?”

“அவன் ஏசி மெக்கானிக்குண்ணே. ரூம்ல எடம் இருக்கு, அத சொல்லுங்க.”

இதிலிருந்து பெறப்படும் விதி: தமிழர் ஒருவரின் வெளிநாட்டுப் பயணம், உறவினர் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நகரத்தை நோக்கியே இழுக்கப்படும். தேடிப்போகும் பொருள் அங்கே கிடைக்குமா என்பது இந்த விசையைப் பாதிப்பதில்லை.

மச்சான் விதியைப் படித்தவர்கள் இளக்காரமாகப் பார்க்கலாம். ஆனால் அது பயணியைக் குவைத்திலோ பஹ்ரைனிலோ கொண்டுபோய் இறக்கினால் நஷ்டம் ஒன்றுமில்லை. அந்தப் பகுதியின் பழைய பாட்டு வகையான ‘சவ்த்’தை வளர்த்தவர்களில் முதன்மையானவர் குவைத்தின் அப்துல்லா அல் ஃபரஜ். 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தக் கவிஞர் வளர்ந்தது பம்பாயில். இந்திய சங்கீதம் காதில் ஊற வளர்ந்தவர்தான் பிறகு குவைத்துக்கு மெட்டுப் போட்டார். அரபிசை கேட்கக் கடல் தாண்டும் பயணி, ஒருவகையில் பம்பாயிலிருந்து போன சரக்கைத்தான் விலை விசாரிக்கிறார்.

பஹ்ரைன் இன்னும் நெருக்கம். அங்கே முஹர்ரக் நகரில் முத்துக் குளிப்பவர்களின் ‘ஃபிஜிரி’ பாட்டு இன்றும் பாடப்படுகிறது. 2021-இல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பாட்டை மூன்று பேருக்கு ஜின்கள் கற்றுத்தந்தன என்பது அந்த ஊர்க் கதை. 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து முத்துத் தொழிலையே படுக்கவைத்தது. படகு போனது, பாட்டு மட்டும் கரையில் நின்றுவிட்டது. தலைவன் குரலெடுக்க, மற்றவர்கள் அடிவயிற்றிலிருந்து ஒரே கீழ்ச்சுருதியில் உறுமுவார்கள். கூடவே கைத்தட்டல், மத்தளம், தாளம். இவற்றுக்கு நடுவே ஒருவர் மண் பானை ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டுவார். தண்ணீர்ப் பானைதான். மானாமதுரைக் கடத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்க அந்த ‘ஜஹ்லா’வைப் பார்த்த கணத்தில் பீங்கான் ஊர்க்காரர், சூளையில் எத்தனை மணி நேரம் வைத்திருப்பார்கள் என்றுதான் யோசிப்பார். இசை ஆய்வு அங்கே தொழில் ஆய்வாக மாறும்.

4. கேட்பது

மச்சான் விதியை மீறிக் கெய்ரோ போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது நேரக் கணக்கு. நைல் டெல்டாவின் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறுவயதில் பையன் வேஷத்தில் மேடையேறிய உம் குல்தூம், பல ஆண்டுகள் மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு பாடினார். எகிப்து வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பியது. ஒரு ராத்திரிக்கு இரண்டு மூன்று பாட்டுத்தான். 1964 பிப்ரவரியில் அரங்கேறிய ‘இன்த்த உம்ரி’ பாட்டை முகமது அப்துல் வஹாப் இசையமைத்தார். மேடையில் அது ஒரு மணி நேரம்வரை போகும். சபை ஒரு வரியைத் திரும்பக் கேட்டால் அவர் திரும்பப் பாடுவார், ஆனால் முன்பு பாடியபடி பாடமாட்டார்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் தோடியை எடுத்தால் சாமி அடுத்த தெருவுக்கு நகராது என்று சொல்லிக் கேட்டவருக்கு இதில் வியப்பில்லை. அதே பிள்ளை பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்த மூன்று நான்கு நிமிஷத்தில் தோடியை மடித்து வைக்க வேண்டியிருந்தது. கெய்ரோவின் பாடகர்களும் அதே தட்டில், அதே நிமிஷங்களில் மடிந்தார்கள். ஆகவே இந்த ஆய்வின் மையக் கருதுகோள்: அரபிசையில் கேட்கத் தகுந்தது விலைக்கு வராது, விலைக்கு வருவதில் முக்கால்வாசி, கேட்டதன் மிச்சம்.

உம் குல்தூம் 1975-இல் காலமானார். அவருடைய கறுப்புக் கண்ணாடியும் கைக்குட்டையும் கெய்ரோவின் ரோடா தீவில் 2001-இல் திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இன்றைய கச்சேரிக்குக் கெய்ரோ ஆபரா ஹவுஸ் நடத்தும் அரபிசை விழாவே தோது. 1992-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கிறது. மழைக்காலத்தில் பொம்மை காயாமல் பட்டறை மந்தமாக இருக்கும் பருவத்தை ஒட்டியே வருவதால் தொழிலுக்கும் பங்கமில்லை.

சங்கீதம் புரியுமா என்ற கவலை வேண்டாம். பாட்டு வகுப்பில் சேரும் குழந்தைக்கு முதல் நாள் சொல்லித்தரும் சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகம். அரபிசையில் ராகத்துக்கு ஈடாக மகாம் உண்டு; ‘ஹிஜாஸ் கார்’ என்ற மகாமின் ஸ்வர ஸ்தானங்கள் ஏறக்குறைய அவையேதான். ‘அஜம்’ கேட்டால் சங்கராபரணத்தின் வாசனை அடிக்கும், ‘குர்த்’ கேட்டால் தோடியின் ஸ்வரங்கள் தெரியும். ‘சீகா’வில்தான் சிக்கல்: அதன் ஆதார ஸ்வரம் ஹார்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். 1932-இல் கெய்ரோவில் கூடிய அரபிசை மாநாட்டில், ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் முதலானவர்களும் இருக்க, பியானோவை அரபிசையில் சேர்க்கலாமா என்று காரசாரமாக வாதாடினார்கள். எட்டு வருஷம் கழித்து 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது. இரண்டு ஊரிலும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: கட்டையை அமுக்கினால் ஸ்வரம் வரும், வளைவு வராது.

5. வாங்குவது

கொள்முதல் பொருள்களை மூன்றாகப் பகுக்கலாம்: கேட்கும் சரக்கு, வாசிக்கும் சரக்கு, ஆணியில் மாட்டும் சரக்கு.

கேட்கும் சரக்கு கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கெய்ரோ பழைய கடையில் உம் குல்தூம் கேசட் கண்ணில் பட்டால் ஆசைக்கு வாங்கலாம். அதைப் போட வேண்டிய டேப்ரிக்கார்டர் பரண் மேல் பெல்ட் அறுந்து கிடக்கிறது.

வாசிக்கும் சரக்கில் தலையானது ஊத். பேரிக்காய் வடிவ வயிறு, பெரும்பாலும் பதினொரு நரம்பு. வீணையில் இருபத்துநான்கு மெட்டு உண்டு, ஊதில் ஒன்றுகூட இல்லை. விரல் வைத்த இடம்தான் ஸ்வரம், தப்பினால் தப்பியதுதான். கெய்ரோவின் முகமது அலி தெருவில் இதைச் செய்யும் பட்டறைகள் உண்டு. முகப்புப் பலகை சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனம். வறண்ட கெய்ரோவில் ஒட்டிய அந்தப் பலகை விருத்தாசலத்து ஐப்பசி மழையை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். நல்ல கடைக்காரர் பதில் சொல்லத் தயங்குவார்.

ஆணியில் மாட்டும் சரக்கு கான் அல் கலீலி சந்தையில் குவிந்திருக்கும். முத்துச்சிப்பி பதித்துப் பளபளக்கும், பிருடையைத் திருகினால் சுருதி நிற்காது. மாற்றுரைத்த விநாயகர் இல்லாத ஊரில் இந்தச் சோதனையைப் பயணியே செய்துகொள்ள வேண்டும்: சுருதி சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்து வந்து மீட்டிப் பார்ப்பது.

இனி முக்கியமான பண்டம். எகிப்தியர் தப்லா என்றும் பிறர் தர்புகா என்றும் சொல்லும் குடுவை வடிவக் கொட்டு. இன்று கடைகளில் பெரும்பாலும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும்தான். பழைய முறையில் செய்வது சுட்ட மண், வாயில் ஒட்டியது மீன் தோல். தோல் தொய்ந்துவிட்டால் உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டுச் சூடேற்றுவார்கள். நம் ஊரில் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சுவது இதே காரியத்துக்குத்தான். அந்தப் பல்பைத் தாங்கும் பீங்கான் ஹோல்டர் எந்த ஊர்ச் சரக்கு என்று பயணி குனிந்து பார்ப்பதை யாராலும் தடுக்க முடியாது.

6. மறுப்பும் பரிந்துரையும்

இந்த இடத்தில்தான் ஆய்வுக்கு வீட்டிலிருந்து முதல் மறுப்பு வரும்.

“ஏங்க, சுட்ட மண்ணு வாங்கவா அவ்ளோ தூரம் போறீங்க? திருநெல்வேலிக்கே அல்வாவா?”

மறுப்பு வலுவானது. மண் தப்லா விமான மூட்டையில் முழுசாக வந்து சேர்வதற்கு உத்தரவாதமில்லை. வந்து சேர்ந்தாலும், பீங்கான் ஊரில் அது உடைந்தால் துண்டுக்குத் துண்டு குறை சொல்ல ஆள் இருக்கிறார்கள். வாங்காமல் செய்துவிடலாமே என்ற மாற்று யோசனை எழுவது இயல்பு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் கூழாகக் கரைத்த களிமண்ணை ஊற்றி, சுவர் கனம் ஏறியதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, உள்ளே குடைவாகப் பொம்மை எடுப்பது பயணிக்குக் கைவந்த வேலை. தப்லாவும் குடைவான பண்டம்தான். மீன் தோலுக்கு இதே மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அரபுக் கப்பல்களைப் பார்த்துப் பழகிய துறை அது.

அப்படியானால் பயணமே வேண்டாமே என்று அவசரப்பட்டுவிடக் கூடாது. களிமண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு குறைவது சாதாரணம். கெய்ரோத் தப்லாவின் வாய் அகலம், கழுத்துக் குறுக்கம், அடிப்புறத் திறப்பு, சுவரின் கனம் எல்லாம் சரியாகத் தெரிந்தால்தான் அச்சை எவ்வளவு பெரிதாக்குவது என்று கணக்குப் போட முடியும். கைபேசிப் படத்தில் கனம் தெரியாது. தாழ்ந்த சூட்டில் வெந்த மண்ணின் நாதமும், பீங்கானாக இறுகிய மண்ணின் நாதமும் ஒன்றா என்பதை நல்ல வாசிப்பை எதிரில் உட்கார்ந்து கேட்டவர்தான் பிறகு ஊரில் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியும்.

ஆகவே பயணப் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியவை ஓர் இஞ்சு டேப், ஒரு காலிப்பர், அளவு எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு. விசா விண்ணப்பத்தில் பயண நோக்கம் என்ற கட்டத்தில் ‘சங்கீதம்’ என்று எழுதுவதா, ‘பொம்மைத் தொழில்’ என்று எழுதுவதா என்பதை டீக்கடைக் குழு அடுத்த அமர்வில் முடிவு செய்யும்.