ஜனாதிபதியைக் காணோம்!

1968 மே 29. பிரான்ஸில் ஒரு சாமான் தொலைந்துபோனது. பர்ஸோ குடையோ அல்ல, ஜனாதிபதி!

அதுவும் லேசுப்பட்ட ஆளா? ஹிட்லருக்குப் பணியாத சார்லஸ் டி கோல். ஆறரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். எந்தக் கூட்டத்தில் நின்றாலும் தலை தனியாகத் தெரியும். அவரைத்தான் காணோம்.

விவகாரம் ஆரம்பித்தது ஹாஸ்டலில். பாரிஸை ஒட்டிய நான்டேர் யுனிவர்சிட்டியில், பெண்கள் விடுதிக்குள் பையன்கள் நுழையத் தடை. ஜனவரியில் அங்கே நீச்சல்குளம் திறக்க வந்தார் இளைஞர் நலத்துறை அமைச்சர் மிஸோஃப். செம்பட்டைத் தலை மாணவர் கோன்-பெண்டிட் மடக்கினார்: இளைஞர்களைப் பற்றி இவ்வளவு தடிமனாக அறிக்கை போட்டீர்களே, ஆண்-பெண் சமாசாரம் பற்றி ஒரு வரி உண்டா? 'அவ்வளவு சூடா இருந்தா குளத்துல குதி தம்பி' என்கிற மாதிரி பதில் சொன்னார் அமைச்சர். தம்பி குதிக்கவில்லை. மே மாதம் பாரிஸ் கொதித்தது.

தெருவெல்லாம் தடுப்பரண், கண்ணீர்ப்புகை. மாணவர்களைத் தொடர்ந்து ஏறக்குறைய ஒரு கோடித் தொழிலாளர்களும் ஸ்ட்ரைக். கான் திரைப்பட விழாவில் இன்னும் தமாஷ். போராட்டத்துக்கு ஆதரவாக, கார்லோஸ் சாவ்ரா என்ற டைரக்டர் திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கினார். யார் படத்தை நிறுத்த? தன் படத்தையேதான்!

இந்த லட்சணத்தில் டி கோல், கேபினட் மீட்டிங்கை கேன்சல் செய்துவிட்டு, பிரதமர் பாம்பிடுவிடம் ஃபோனில், 'ஊருக்குப் போறேன். உங்களைக் கட்டித் தழுவுகிறேன்' என்றார். மேலதிகாரி திடீரென்று பாசம் காட்டினால் நமக்கே அடிவயிறு கலங்காதா?

ஹெலிகாப்டர் ஊருக்குப் போகவில்லை. 77 வயதுக்காரர் மனைவியோடு இறங்கியது ஜெர்மனியில்! பேடன்-பேடனில் முகாமிட்டிருந்த பிரெஞ்சுப் படையின் தளபதி மாஸ்யுவிடம், 'எல்லாம் போச்சுப்பா' என்று புலம்பியிருக்கிறார். மாஸ்யு சமாதானப்படுத்தி, கோபித்துக்கொண்டு வந்த மாமனாரை வண்டியேற்றுகிற மாதிரி, திருப்பி அனுப்பினார்.

மறுநாள் ரேடியோவில் வேறு ஆள்! சிங்கக் குரல். பதவி விலக மாட்டேன், நாடாளுமன்றம் கலைப்பு, தேர்தல். அன்று மாலையே ஷான்ஸ்-எலிஸே வீதியில் லட்சக்கணக்கில் ஆதரவாளர்கள். ஜூன் தேர்தலில் அவர் கட்சி அள்ளிக்கொண்டு போனது. தேர்தல் வேலையெல்லாம் பார்த்த பாம்பிடுவுக்கு ஜூலையில் போனஸ்: பதவி காலி.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். செனட்டை மாற்றியமைக்கிறேன் என்று 1969 ஏப்ரலில் வலியப்போய் ஒரு பொதுவாக்கெடுப்பு வைத்தார். ஜனங்கள் 'வேண்டாம்' என்றார்கள். ராஜினாமா.

ஜூனில் எலிஸே மாளிகைக்குப் புது ஜனாதிபதி குடிவந்தார். யாரா? ஃபோனிலேயே தழுவப்பட்ட அதே பாம்பிடுதான்.