பாரிட் புந்தார் வாசல்களில் ‘நான்தான்’ எனும் விடை: படம் காட்டும் அழைப்புமணி குறித்து ஓர் ஆய்வு

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூக்கள் 99 என்று எண்ணி முடித்த தமிழ்ப் புலமை, வாசலில் வந்து நிற்பவரை அறியும் முறைகளை எண்ணத் தொடங்கவே இல்லை. அக்குறையைப் போக்கும் பொருட்டு இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வுக்களம், பேராக் மாநிலத்தின் வடகோடியில் கிரியான் மாவட்டத்துப் பாரிட் புந்தார். ஆய்வுப்பொருள், படம் காட்டும் அழைப்புமணியை வீட்டுக்குள் இருக்கும் பேசும் பெட்டியோடு இணைத்தல். ஆய்வுமுறை, கேட்டருகே நின்று கவனித்தல். நிதியுதவி யாரிடமும் பெறவில்லை, யாரும் தருவதாகச் சொல்லவும் இல்லை.

இக்களத்தைத் தேர்ந்தது ஏன் எனின், கூறுதும். கிரியான் ஆற்றைத் தாண்டினால் கெடாவின் பண்டார் பாரு. இந்தப் பக்கம் சற்றுப் போனால் பினாங்கின் நிபோங் தெபால். மூன்று மாநிலத்து உறவினரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கத் தோதான ஊர் இது. யாரை எப்போது உள்ளே விடுவது என்ற கேள்வியிலும் இம்மாவட்டத்துக்குப் பழக்கம் உண்டு. 1906இல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டம், புக்கிட் மேரா ஏரித் தண்ணீரை மதகு மதகாக நிறுத்தி வயலுக்கு விட்டது. தண்ணீருக்கு மதகு வைத்தவர்கள் மாமாவுக்கு மணி வைக்க மேலும் நூறாண்டு எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கும் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிரியான் கரும்புத் தோட்டங்களுக்கும், கரும்பு போய் ரப்பர் வந்தபின் ரப்பர் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்த தமிழர்கள் இருந்தது லயம் எனும் வரிசை வீடுகளில். லயத்து வீட்டுக்கு மணி எதற்கு? அந்நியன் ஒருவன் லயத்து முனையில் திரும்பும்போதே முதல் வீட்டு நாய் குரைக்கும், இரண்டாம் வீட்டு நாய் வழிமொழியும். வந்தவர் ஐந்தாம் வீட்டை அடைவதற்குள் அவர் எந்தத் தோட்டம், யார் வீட்டுச் சம்பந்தி, கையில் என்ன பை என்பதெல்லாம் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் பிந்தியவர் வீட்டுக் கதவை வேலை மேற்பார்க்கும் மண்டோர் தட்டினாரென்றால், அது வருகை அறிவிப்பு ஆகாது. எனவே இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.

எதிர்த்துருவமாக, நிபோங் தெபால் கலிடோனியா தோட்டத்தில் துரை வீடு ஒன்று நிற்கிறது. ராம்ஸ்டன் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த அந்த மாளிகைக்கு மக்கள் வைத்த பெயர் 99 கதவு வீடு. கபிலரின் பூக்களும் 99, துரையின் கதவுகளும் 99. ஒப்பிலக்கியத் துறையினர் கவனிக்கவும். அத்தனை கதவு இருந்தும் 1948இல் ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் அந்த வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கதவின் எண்ணிக்கை கூடினால் காவல் கூடும் என்பாரது கொள்கை இதனால் மறுக்கப்பட்டது.

இனி முன்னோடி நூல். படம் காட்டி, பேசி அறிவிக்கும் வாயில் ஏற்பாடு ஒன்று சிலப்பதிகாரத்தில் முழு விவரத்தோடு பதிவாகியிருப்பதை அறிஞர்கள் ஏனோ கவனிக்கவில்லை. வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியன் வாசலுக்கு வருகிறாள். வாயிற்காவலன் உள்ளே போய் மன்னனிடம் சொல்கிறான். எப்படிச் சொல்கிறான் என்பதுதான் இங்கே முக்கியம். வந்து நிற்பவள் கொற்றவையோ என்றால் இல்லை, காளியோ என்றால் அவளும் இல்லை என்று ஒவ்வொரு தெய்வமாகச் சந்தேகப்பட்டு விலக்குகிறான். பிறகு கோபத்தோடு இருக்கிறாள், கையில் பொற்சிலம்பு ஒன்று வைத்திருக்கிறாள், கணவனை இழந்தவள் என்று கண்டதைச் சொல்லி முடிக்கிறான். தவறான அடையாளங்களைக் கழித்துவிட்டு, வந்தவரின் மனநிலை, கைப்பொருள், குடும்ப நிலை மூன்றையும் ஒரே மூச்சில் தந்த அறிவிப்பு அது. இன்று கடையில் விற்கும் பெட்டி சொல்வது என்ன? முன்கதவில் யாரோ இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மதுரையிலிருந்து பாரிட் புந்தார் வருவதற்குள் நாம் இழந்தது எவ்வளவு என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். (காவலன் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் பாண்டியன் தப்பவில்லை என்பது வேறு துறை.)

மேலைநாட்டு வரலாற்றைச் சுருக்கமாகவே தருகிறோம். மின்சாரத்தால் மணியடிக்கலாம் என்று அமெரிக்காவில் ஜோசஃப் ஹென்றி 1831இல் செய்து காட்டினார். 2013இல் ஜேமி சிமினாஃப் என்பவர் டோர்பாட் என்ற மணியைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் முதலீட்டாளர்கள் முன் வைத்து, பேரம் படியாமல் வெறுங்கையோடு திரும்பினார். அதே மணி ரிங் என்று பெயர் மாறி, 2018இல் நூறு கோடி டாலருக்கும் மேல் என்று சொல்லப்பட்ட விலைக்கு அமேசானிடம் போனது.

இணைப்பு இலக்கணத்துக்கு வருவோம். ஆய்வின் மையம் இதுவே என்பதால் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அலைவரிசை. இவ்வகை மணிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே பேசும். வீட்டு ரௌட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் வைத்துக்கொண்டு, போனை 5இல் உட்கார வைத்திருக்கும். போன் ஒரு வரிசையிலும் மணி வேறு வரிசையிலும் நின்று ஒன்றையொன்று தேடும். கியூஆர் குறியைக் கேமராவுக்கு முன் பிடித்துப் பிடித்துக் கை வலித்தவர்கள் மணியைக் குறை சொல்வார்கள். ரௌட்டரில் 2.4க்குத் தனிப் பெயர் வைத்துப் பிரித்தால் தீர்ந்தது. தாமான் குடியிருப்பு வீடுகளில் ரௌட்டர் ஹாலில், மணி கேட்டுத் தூணில். இடையே செங்கல் சுவர், இரும்பு கிரில், நிற்கும் காடி. இத்தனையையும் தாண்டி வருவதில் 2.4க்கு 5ஐ விடத் தெம்பு அதிகம் என்பதும் அறிக.

அடுத்து மின்சாரம். கம்பி இழுத்துப் பூட்டும் மணிகளில் பல 16 முதல் 24 வோல்ட் வரை கேட்கும், அதற்கு மின்மாற்றி வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பழைய டிங்டாங் மணி நேரே மெயினில் ஓடுகிற வீடென்றால் அந்தக் கம்பியில் இதைச் செருகிப் பார்க்கும் விஞ்ஞான ஆர்வத்தை அடக்கிக்கொள்க. வயர்மேனைக் கூப்பிடவும், அல்லது பேட்டரி மணி வாங்கவும்.

மூன்றாவது, கணக்கு. ஆய்வாளர்கள் இதுவரை தொடாத பகுதி இது. மணிக்கென்று ஒரு செயலி, பெட்டிக்கென்று ஒரு செயலி. பெட்டியின் செயலிக்குள் போய் மணி நிறுவனத்தின் இணைப்பைத் திறந்து, மணியின் கணக்கால் உள்நுழைந்து, அனுமதி கொடுத்து, புதுக் கருவிகளைத் தேடச் சொல்ல வேண்டும். அதன்பிறகும் ‘மணி அழுத்தினால் அறிவி’ என்ற பொத்தானைத் தனியே திருப்பாவிட்டால் பெட்டி வாய் திறக்காது. திரையில்லாத பெட்டி சொல்லத்தான் செய்யும், திரையுள்ளது காட்டவும் செய்யும். ஒரு நிறுவனத்து மணி போட்டி நிறுவனத்துத் திரையில் முகம் காட்ட மறுப்பதும் உண்டு, ஆகையால் வாங்குமுன் பொருத்தம் பார்ப்பது நலம். இதில் எதுவும் கடினமில்லை. மணியின் கணக்கு கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மூத்த மகன் பேரிலும், பெட்டியின் கணக்கு மருமகள் பேரிலும், வாசல் பாரிட் புந்தாரிலும் இருப்பதுதான் கடினம். ஆய்வுக்களத்தில் பதிவான உரையாடல் வருமாறு. கேட்டில் ஓர் அத்தை, கையில் வாழைப்பூ. பொத்தானை அழுத்துகிறார்.

“யாரு?” என்கிறது தூண்.

“நான்தான்.”

“அத்தையா! சாப்ட்டீங்களா?”

“ஆச்சுய்யா. நீ எப்ப வந்தே?”

“நான் வரல அத்தை, ஆபீஸ்ல இருக்கேன்.”

“அம்மா எங்க?”

“உள்ளதான் இருப்பாங்க. இருங்க, போன் போட்டுக் கதவத் தொறக்கச் சொல்றேன்.”

அத்தை தூணை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அண்ணீ!” என்று ஒரு குரல் கொடுத்தார். கதவு திறந்தது. உள்ளே போன் அதற்குப் பின்புதான் அடித்தது. கேட்டுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு காடி நிற்கும் இடம். செய்தி அதைக் கடக்கக் கோலாலம்பூர் வரை போய்வர வேண்டியிருந்தது. பெட்டியோடு முறையாக இணைத்திருந்தாலும் செய்தி, மணி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் திரும்பும். அத்தையின் குரலுக்கு அந்தச் சுற்றுவழி இல்லை.

நான்காவது, பெட்டியை விளித்தல். அமேசான் பெட்டிக்குள் இருந்து பேசும் அலெக்சாவுக்கு 2019 முதல் இந்தி தெரியும், தமிழ் இன்னும் வரவில்லை. ஆக வாசலில் யார் என்று பார்க்க விரும்பும் பாட்டி, முதலில் அதன் பெயரைச் சரியாகச் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் கட்டளையிட வேண்டும். களத்தில் கேட்ட விளிகள்: அலெச்சு, அலெக்சி, அம்மாடி, இந்தாடி. எதற்கும் பெட்டி கண் திறக்கவில்லை. மாற்றுப் பெயர்களாக அமேசான், எக்கோ, கம்ப்யூட்டர், ஜிகி ஆகியவற்றை நிறுவனம் அனுமதிக்கிறது. இவற்றுள் பாட்டிமார் பிசகின்றிச் சொல்வது கம்ப்யூட்டர் ஒன்றே. ஆனால் பேரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே கெட்டான் என்று அவர் புலம்பும்போதெல்லாம் பெட்டி விழித்து, சொல்லுங்கள் என்று காத்திருக்கும். கருவிக்கு நாம் வைக்கும் பெயரிலும் கவனம் வேண்டும். ‘ஃப்ரன்ட் டோர்’ என்று இயல்பாகப் பதிவாவதை ‘கேட்’ என்று மாற்றினால் பாதித் தொல்லை விட்டது. அச்சொல்லை இங்கே எல்லாத் தலைமுறையும் எல்லா இனமும் சொல்லும்.

ஐந்தாவது, அசைவு அறிதல். ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் உணரி, உடல் விடும் அகச்சிவப்புக் கதிருக்கும் சூழலுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. குளிர் நாட்டில் மனிதன் பளிச்சென்று தெரிவான். பேராக்கின் நடுப்பகலில் சிமெண்டுத் தரையும் தபால்காரரும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் உணரிக்கு அவர் புலப்படுவது குறைந்துவிடும். விடியற்காலையில் தரை ஆறியபின் எதிர்வீட்டுப் பூனை பெரிய மனிதர் மாதிரி தெரியும். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை ஒரு பசு அடித்தபோது மன்னன் அதைப் பிழையான எச்சரிக்கை என்று தள்ளவில்லை. பூனைக்கு அவ்வளவு மரியாதை தர இயலாதவர்கள், உணர்திறனைக் குறைத்து, அசைவு அறிவிப்பை நிறுத்தி, பொத்தான் அறிவிப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தீபாவளியன்று அதையும் நிறுத்துவது நல்லது. ஆங்பா எனும் பணவுறைக்கு வரும் பிள்ளைகளின் தலை ஒவ்வொன்றையும் பெட்டி அறிவித்துக்கொண்டிருந்தால் விருந்தாளி முறுக்கை வாயில் வைக்க முடியாது.

இனி இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. யாரது என்ற கேள்விக்குத் தமிழர் தரும் விடை ‘நான்தான்’. தகவல் ஏதும் இல்லாத விடை என்று இதைத் தள்ளுவாரும் உளர். அற்றன்று. அது பெயரைத் தருவதற்கன்று, குரலைத் தருவதற்கு. குரலைக் கேட்டும் தெரியவில்லையா என்ற வருத்தமும் அதிலே அடக்கம். படம் காட்டும் மணியில் இவ்விடத்துக்கு வருவது முகம் அறியும் வசதி. பழகிய முகத்துக்கு நாம் ஒரு பெயர் கொடுத்தால் சில மணிகள் அந்தப் பெயரைச் சொல்லி அறிவிக்கும். ஒரு பெயர் என்பதில்தான் வில்லங்கம். வாசலில் நிற்பவர் பாட்டிக்குத் தம்பி, அம்மாவுக்கு மாமா, பேரனுக்குத் தாத்தா, மருமகளுக்கு இன்னும் பழகாத ஒரு பெரியவர். செயலியில் இருப்பதோ ஒரே கட்டம். அதில் அவர் பெயரை இட்டால், வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயரைப் பெட்டி கூடம் அதிரச் சொல்லும். தாத்தா என்று இட்டால், பாட்டி தன் கணவர் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். முகத்தை அடையாளம் காணும் கணிதம் வந்துவிட்டது, முறை வைத்துக் கூப்பிடும் கணிதம் இன்னும் வரவில்லை. பக்கத்தில் டிரான்ஸ்கிரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001 முதல் இருக்கிறது. ஆராய்ச்சிப் பொருள் தேடும் மாணவர் யாரேனும் இதை எடுத்துக்கொள்ளலாம், எமக்கு உரிமைத்தொகை வேண்டாம்.

சட்டம் குறித்தும் ஒரு சொல். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த வீட்டுக் காரியத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவைத் தொடுவதில்லை. ஆனால் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றம் 2021இல், அண்டைவீட்டார் பேச்சையெல்லாம் தூரத்திலிருந்தே பிடித்த வாசல் கருவிகளின் உரிமையாளரைத் தரவுச் சட்டத்தை மீறியவர் என்று தீர்த்தது. நம் தாமானில் வழக்கு வராது. எதிர்வீட்டு அக்கா நேரே வந்து, “உங்க கேமரா எங்க வீட்டயா பாக்குது?” என்று கேட்பார். அதற்கு மேல்முறையீடு கிடையாது. கேமராவின் பார்வைக்குள் அவர் வாசல் விழாதபடி செயலியில் எல்லை வரைந்துவிட்டு மாட்டவும்.

ஆய்வின் தீர்ப்பு இது. மணி கதவில் வேண்டாம், கேட்டுத் தூணில் இருக்கட்டும், மழை படாத பக்கமாக. மணிக்கும் பெட்டிக்கும் கணக்கு, பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் பேரில் இருக்கட்டும். கோலாலம்பூர் மகனை விருந்தினர் பயனராகச் சேர்த்துக்கொள்ளலாம், முன்கூட்டிச் சொல்லிவிட்டு. ரொட்டிக்காரருக்கு மட்டும் இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். அவர் மோட்டோவை நிறுத்தி ஹாரன் அடித்தால் தெருவே வெளியே வந்துவிடுகிறது.