அங்கே பார்க்கணும் சார்!

மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போகும் எந்தக் கூட்டத்திலும் அவர் ஒருவர் இருப்பார். காலை ஐந்தே முக்காலுக்கே வேனில் சன்னலோரத்தைப் பிடித்திருப்பார். வட்டத் தொப்பி, ஏழெட்டுப் பை வைத்த கையில்லாக் கோட்டு, கழுத்தில் பைனாகுலர். பணி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருக்கும். எந்த இலாகா என்பது முக்கியமில்லை. எல்லா இலாகாவிலும் ஒருவர் தயாராகிக்கொண்டிருக்கிறார். நாங்கள் வைத்த பெயர் 'அங்கே சார்'. அது அவருக்குத் தெரியாது.

இந்த முறை அரிட்டாபட்டி. மேலூர்ச் சாலையில் நரசிங்கம்பட்டிப் பக்கம் திரும்பியதுமே குன்றுகள் தலைகாட்டின. வேன் இன்னும் நிற்கவில்லை. "இதையா மலைங்கிறீங்க? பாறைன்னா ஹம்பியில பார்க்கணும் சார்" என்று முதல் போணி ஆயிற்று.

வழிகாட்ட வந்த தம்பி பாவம், நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தான். 2022 நவம்பரில் இந்த இடம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, சுமார் 193 ஹெக்டேர், வல்லூறுகள் கூடு வைக்கிற பாறைகள் இவை என்று விரலை நீட்டினான். எல்லாரும் அண்ணாந்தோம். "பறவைன்னா பரத்பூர்ல..." என்றது ஒரு குரல். தம்பி விரலை மடக்கிக்கொண்டான்.

ஊருக்குள் டீக்கடையில்தான் அவருக்கு முதல் அடி. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் தெருவுக்கு வந்ததையும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதையும் கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஆள் பழக்க தோஷத்தில், "சுரங்கம்னா ராஜஸ்தான்ல..." என்று ஆரம்பித்தார். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தி அவரையே பார்த்தார். வாக்கியம் பாதியில் நின்றது. நான் அறிந்து அது நின்ற ஒரே இடம் அதுதான்.

கழிஞ்சமலைக் குகையின் நெற்றியில் தமிழி எழுத்துகள். ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. நெல்வேலிக்காரர் ஒருவரும், இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் என்பவரும் சமணத் துறவிகளுக்குக் குகையைக் கொடுத்த செய்தி. வெளியூர்க்காரர்கள் அந்தக் காலத்திலும் இங்கே வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வரி வெட்டச் சொன்னதோடு சரி. 'எங்கள் இலஞ்சியில் இதைவிடப் பெரிய குகை உண்டு' என்று ஒருவரும் வெட்டி வைக்கவில்லை. உளிக்கூலி அதிகம் போலும்.

பக்கத்தில் தீர்த்தங்கரர் சிற்பம். அச்சணந்தி செய்வித்த திருமேனி என்று வட்டெழுத்து சொல்கிறது. தம்பி வாயைத் திறப்பதற்குள், "சிரவணபெளகொளாவுல 57 அடி சார்! ஒரே கல்லு!" அளவு என்னவோ சரிதான். அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை. அத்தனை ஊருக்கும் பென்ஷன் பணத்தில் போய்வந்தவர். ஆனால் போன இடத்தில் என்ன செய்தார் என்பதற்கு நான் சாட்சி. பாதாமியில், குடைவரையின் வாசலிலேயே நின்றுகொண்டு, கன்னட வழிகாட்டியிடம் அரைகுறை இந்தியில் அரிட்டாபட்டியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அந்த மனிதர் அதைக் குறித்தும் கொண்டார்.

கடைசியாகக் குடைவரைச் சிவன் கோயில். இடைச்சி மண்டபம் என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். வாசலுக்கு ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் லகுலீசர். தமிழ்நாட்டில் அபூர்வமாகவே காணக் கிடைக்கும் உருவம். பாசுபத சைவத்தின் குருவான இவரது ஊர் குஜராத்தின் காரவண் என்பது மரபு. ஆக, 'அங்கே' என்று சொல்ல ஒருவருக்கு முழு உரிமை உள்ள இடம் இந்த மலையிலேயே இதுதான். தம்பிகூடத் தயாராக ஒரு நொடி நிறுத்தினான். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் ஆளையே காணோம்.

கீழே, மரத்தடியில், கட்டிவந்த இட்லிப் பொட்டலங்களைப் பிரித்து முதல் பந்தியை முடித்துக்கொண்டிருந்தார். "இட்லின்னா பாலக்காட்டுப் பக்கம் ராமசேரியில சாப்பிடணும் சார்" என்றபடி ஐந்தாவதற்குச் சட்னியைத் தொட்டார்.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊருங்கய்யா?"

"மதுரைதாம்மா."

"மருதையா! நெனச்சா மீனாட்சியப் பாத்துட்டு வந்துருவீக. குடுத்து வச்சவுக."

அங்கே சார் இட்லியை விழுங்கினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "போய்ப் பத்து வருஷம் இருக்கும்மா" என்றார், ரொம்பச் சன்னமாக.

பாட்டிக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. "ஏய்யா, ஒடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல." கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கோபுரம்னா ஸ்ரீரங்கத்துல பார்க்கணும்மா. 236 அடி!"

"இருக்கட்டும்யா" என்று பாட்டி எழுந்தாள். "ஆடு பயிருல எறங்குது."