எண்பத்தேழில் ஒரு பங்கு மனிதர்

மாடல் ரயில்காரரை அடையாளம் காண்பது சுலபம். பிளாட்பாரத்தில் எல்லோரும் வண்டி வரும் திசையை எட்டிப் பார்க்கும்போது, ஒருவர் மட்டும் குனிந்து தண்டவாள ஜல்லியின் நிறத்தை ஆராய்ந்துகொண்டிருப்பார். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர். வங்கியிலோ வரி அலுவலகத்திலோ காலம் தள்ளியவர். ரயில்வேயில் வேலை பார்த்தவராக மட்டும் இருக்க மாட்டார். அவர்களுக்கு அந்த ஆசை பணியிலேயே தீர்ந்திருக்கும்.

அவரிடம் தப்பித் தவறியும் “பொம்மை ரயிலா சார்?” என்று கேட்டுவிடக் கூடாது. முகம் சிவந்துவிடும். “பொம்மை இல்லே சார். ஹெச்ஓ ஸ்கேல். ஒண்ணுக்கு எண்பத்தேழு!” என்பார். இந்த ஆசை பிடித்த நாள்முதல் உலகத்தில் எதைப் பார்த்தாலும் 87-ஆல் வகுப்பதே அவர் தொழில். அறுபதடித் தென்னை அவருக்கு 21 சென்டிமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலைப்பாதை 46 கிலோமீட்டர். சுருக்கிப் போட்டாலும் அரை கிலோமீட்டருக்கு மேல் மேஜை வேண்டும். வீட்டில் காலியாக இருப்பதோ கல்யாணமாகிப் போன மகளின் அறை. எனவே உதகையைக் கைவிட்டு, பிளைவுட் பலகைமேல் வட்டமடிக்கும் ஒரு பிராட்கேஜ் லைன் என்று திட்டம் திருத்தப்படும். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை ஹாலில் படுத்துக்கொள்வார்.

சாமான் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்று ஊர் நினைக்கும். முக்கால்வாசி அடுக்களையிலிருந்துதான் போகிறது. நிஜ ஜல்லி சுமார் 50 மில்லிமீட்டர்; 87-ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த அளவுக்கு மணலைச் சலிக்க வீட்டில் ஒரே கருவிதான் இருக்கிறது.

“ஏங்க, ரவை சல்லடையைப் பாத்தீங்களா?”

“லைன்ல வேலை நடக்குது. சாயங்காலம் தர்றேன்.”

குடித்த டீயின் தூள் காய்ந்து செம்மண் ஆகும். பச்சை ஸ்க்ரப்பர் கிழிந்து வேலிச்செடி ஆகும். டிவி வந்த பெட்டியின் தெர்மகோல், பழைய செய்தித்தாளும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் பூசப்பட்டு மேற்குத் தொடர்ச்சி மலை ஆகும். ஜல்லியைப் பரப்பி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார். அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பும் உண்டு. அது இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும். வீட்டு வேலை எதிலும் காணாத பொறுமை இதில் பொங்கி வழியும்.

தண்டவாளம் போட்டு, ஈயம் வைத்து, வெயிலில் நீளுமே என்று மூட்டுகளில் மயிரிழை இடைவெளி விட்டு, சோதனை ஓட்டம் நடக்கும். ஐசிஎஃப் பெட்டி நிஜத்தில் 21 மீட்டருக்கு மேல். சுருக்கினாலும் ஒரு சாணைத் தாண்டும். அவர் போட்டதோ 18 அங்குல ஆரமுள்ள வளைவு. பெட்டியின் நடுப்பகுதி உள்ளே சாய, முனை வெளியே துருத்த, பிளாட்பாரத்தில் நின்ற இரண்டு போர்ட்டர்களும் ஒரு டீக்காரரும் அடிபட்டு விழுவார்கள். விசாரணைக் கமிஷன் அவரே. குற்றம் பிளாட்பாரத்தின் மேல் என்று தீர்ப்பாகி, அரம் எடுத்து அதன் ஓரத்தைச் சீவிவிடுவார்.

அடுத்தது அழுக்காக்கும் படலம். பென்ஷன் பணத்தில் வாங்கிய பளபளக்கும் என்ஜினுக்குத் துரு, கரி, எண்ணெய்க்கறை எல்லாம் தூரிகையால் பூசுவார். “இப்பத்தான் நிஜ ரயில் மாதிரி இருக்கு” என்று பூரிப்பார். ரயில் பெட்டிகளின் அசுத்தம் பற்றிப் பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுதுகிறவரும் இவரேதான்.

இவ்வளவு கறாரான மனிதர் ஒரே ஒரு கணக்கை மட்டும் போடவே மாட்டார். நம் பிராட்கேஜின் அகலம் 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல். கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளமோ 16.5. அது 1435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்ட் கேஜுக்குச் சுருக்கியது. ஆக, அவருடைய இந்திய என்ஜின் ஓடுவதே வெளிநாட்டுப் பாதையில். மரம், மண், டீக்காரரின் தூக்கு எல்லாம் கணக்குப்படி இருக்க, எல்லாவற்றுக்கும் அடியில் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் பொய்! சக மாடல் ரயில்காரர் இதை எடுத்துச் சொன்னால் நட்பு முறியும். “பிரிட்டிஷ்காரனே ஒண்ணுக்கு எழுபத்தாறு பெட்டியை இதே 16.5-லதான் ஓட்டறான்!” என்று சீறுவார். உண்மைதான், தாங்கள் கண்டுபிடித்த ரயிலுக்கே அவர்கள் பல தலைமுறைகளாக அப்படித்தான் துரோகம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவசியம் போய்ப் பாருங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். “எப்ப சார் முடியும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். வெறுங்கையோடும் போகாதீர்கள்: ஒரு புதுச் சல்லடை வாங்கிப் போய், அதை அந்த அம்மாள் கையில் கொடுங்கள்.